பன்னிரண்டு பங்கு மான்

இந்த வருடம் வெட்டு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி இறைச்சிக்கடையில் கேட்டார்கள். கத்தி பிடிப்பது பற்றி எழுத மாட்டேன். அதைக் கடையிலேயே காட்டித் தருவார்கள். நான் இருபத்தொரு வருடம் அந்த மேசைக்குப் பின்னால் நின்றவன். இரண்டு மணிக்கட்டும் இனி முடியாது என்றபோது, ஐம்பத்து நான்கு வயதில், மேலங்கியைக் கழற்றினேன். கையோடு கொண்டுவந்தது முப்பத்தொரு குறிப்புக் கொப்பிகள். வந்த இறைச்சி, குளிர் அறையின் வெப்பநிலை, யார் எந்த விரலை வெட்டிக்கொண்டார், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். கூட வேலை செய்தவர்கள் என்னை ‘றெஜிஸ்ட்ரார்’ என்று கூப்பிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

2004, நவம்பர். யூட் என்று எனக்கு ஒரு நண்பன். மட்டக்களப்பான், பாண் பேக்கரியில் வேலை. இரண்டு வகுப்புக்குப் போய், இரண்டு சோதனை எழுதி, வேட்டைக்கான அனுமதிப்பத்திரத்தை எடுத்திருந்தான். சுட்டால் உரித்து வெட்ட ஒருவர் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். மொன்ட்ரியாலுக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் ஒரு காடு. சனிக்கிழமை விடியவே அங்கே நின்றோம். அன்றைய பக்கத்தை அப்படியே தருகிறேன்.

‘7.40. மான் மர வரிசை ஓரம் வந்தது. எங்களைப் பார்த்தது. ஓடவில்லை. யூட் சுட்டான். விழுந்தது.
8.15. திறந்தோம். மெலிவு. முதுகில் கொழுப்பு இல்லை.
8.25. இடப்பக்கச் சுவாசப்பை விலாவோடு ஒட்டியிருந்தது. கையால் பிரித்தேன். விலாவின் உட்பக்கம் மஞ்சள் முத்துகள், கெட்டியானவை, பயறு அளவு. ஒன்பது.
8.40. தேநீர்.’

நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் வாசிக்கும்போதே அந்த வரிகளில் நின்றிருப்பீர்கள். ஓடாத மான். மெலிந்த மான். விலாவில் முத்து. இவ்வளவையும் எண்ணிப் பார்த்து எழுதியவன் அடுத்த வரியில் தேநீர் குடித்திருக்கிறான்.

எங்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். அது யூட் சுட்ட முதல் மான். அவன் முழங்கால் அளவு பனியில் ஆடிக்கொண்டிருந்தான். உண்மையாகவே ஆடினான், துவக்கை மரத்தில் சாத்திவிட்டு, இரண்டு கையையும் தூக்கி.

“மச்சான், பாத்தியா? என்னைக் கண்டதும் மயங்கி நிண்டிட்டுது!”

“மான் மயங்குறதுக்கு உன்னட்ட என்னடா இருக்கு?”

“பேக்கரி வாசம் மச்சான். பட்டர் பாண் வாசம்!”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதினேன். எழுதி முடித்ததும் அந்த முத்துகள் என் மனதைவிட்டுப் போய்விட்டன. கொப்பி மூடினால் விஷயமும் முடிந்தது என்பது என் பழக்கம்.

அடுத்த நாள் ஞாயிறு. கடை பூட்டு. முதலாளியிடம் சொல்லிவிட்டு மேசையைக் கழுவி, பங்கு போட்டோம். நம் ஊர்ப் பங்கு எப்படி என்று உங்களில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்காது. எல்லாப் பங்கிலும் எல்லாம் இருக்க வேண்டும். ஈரலில் ஒரு துண்டு, விலாவில் ஒரு துண்டு, கழுத்து, தொடை, எலும்பு. ஒருவருக்கு ஈரல் தவறினால் அடுத்த கலியாணவீடு வரைக்கும் கதைக்க மாட்டார்கள். காட்டு இறைச்சியை விற்கக்கூடாது என்பது இங்கத்தைய சட்டம். யூட் சும்மாதான் கொடுத்தான். அதனால் இன்னும் கவனமாகப் பிரித்தேன். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு குவியல், கிராம் கணக்கில் சமன். என் வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டதில்லை. அந்த மானில் என்ன இருந்ததோ அது பன்னிரண்டு வீட்டுக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது.

விலாவை வெட்டும்போது உட்பக்கத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ‘இதைத்தான் நேற்றே எழுதிவிட்டேனே’ என்று நினைத்துக்கொண்டு பெரிய முத்துகளைக் கத்தியால் வழித்து எறிந்தேன்.

புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு, வேலைக்கு நடுவே, வேட்டைப் பக்கத்தைப் பெரிய கொப்பிக்கு நல்ல கையெழுத்தில் பெயர்த்து எழுதினேன். ‘முத்துகள்’ என்ற சொல்லை இரண்டாம் முறை எழுதும்போதுதான் பேனை நின்றது. கடைக்கு வரும் மாட்டில் அப்படி ஒரு விலாவைக் கண்டால் நான் என்ன செய்வேன்? மேசையை விட்டு விலகி நின்று இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுவேன். காட்டில் கண்டதால் அதை இயற்கைக் காட்சி மாதிரி வர்ணித்து வைத்திருக்கிறேன்.

வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் எடுத்தார். குரலைக் கேட்டால் இருபத்தைந்து வயதுதான் இருக்கும். என் பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை.

“காசநோயாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது. அந்த விலா எங்கே?”

“பன்னிரண்டு வீடுகளில்.”

“பன்னிரண்டு?”

“எல்லாருக்கும் சமமாக.”

“யாராவது சாப்பிட்டார்களா?”

“பத்து வீடுகளில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். விரதம்.”

விரதம் என்றால் என்ன என்று கேட்டார். கந்தசஷ்டியை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். எங்கள் கடவுள் ஓர் அரக்கனோடு ஆறு நாள் போர் செய்கிறார், அரக்கன் சாகும்வரைக்கும் வீட்டில் இறைச்சி சமைக்க மாட்டார்கள், கிடைத்ததை ஃபிறீசரில் வைத்திருப்பார்கள் என்றேன்.

“அரக்கன் எப்போது சாகிறான்?”

“இன்று பின்னேரம் நாலரைக்கு.”

தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று நினைத்தேன். பிறகு மிகவும் ஒழுங்கான குரலில் சொன்னார்: “அப்படியென்றால் உங்களுக்கு நேரம் குறைவு. எல்லாவற்றையும் திருப்பி எடுங்கள். விலாத் துண்டு ஒன்றாவது எனக்கு வேண்டும். இன்னொன்று. பட்டியலில் முதலாவது பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ஆகப் பலவீனமான ஆளிலிருந்து தொடங்குங்கள்.”

அதை நான் எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் இட்டேன். பிறகு பட்டியலின் முதலாவது பெயரிலிருந்து தொடங்கினேன்.

எனக்கு ஒரு நியாயம் இருந்தது. சூரன் போருக்குப் பத்து வீட்டுக்காரரும் கோயிலில் ஒரே இடத்தில் நிற்பார்கள். மறுநாள் பாரணை முடிந்ததும் பத்து வீட்டிலும் ஒரே நேரத்தில் சட்டி ஏறும். பத்துப் பேரை ஒரே இடத்தில் பிடிக்கலாம் என்றால் ஒழுங்கான மனிதன் எவனும் அதைத்தான் செய்வான். முதலாளியிடம் விடுப்புச் சொல்லிவிட்டு மூன்றரைக்குக் கோயிலில் நின்றேன். என் மனைவி சாந்தி ஆறு நாளும் விரதம், முகம் வெளிறிப்போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

“இஞ்சேருங்கோ, கோயிலுக்குள்ள நிண்டு இறைச்சிக் கதையோ? அதுவும் சூரன் போருக்கோ?”

“சொல்லாட்டி நாளைக்கு எல்லாரும் சமைச்சிடுவினம்.”

“அப்ப மெதுவாச் சொல்லுங்கோ. உங்கட குரல் மைக் மாதிரி.”

சூரன் மண்டபத்துக்குள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பின்னால் கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். முதலில் பிடித்தது கோயில் சபையில் இருக்கும் ஒருவரை. பட்டியலில் இலக்கம் ஒன்று. பக்கத்தில் அவருடைய மாமியார் கைகூப்பி நின்றார்.

“அண்ணை, யூட் தந்த மான்…”

“மானோ? என்ன மான்?” அவர் குரல் உயர்ந்தது. “எங்கட வீட்டில ஆறு நாளா முட்டைகூட இல்லைத் தம்பி!” வாய் இப்படிச் சொல்ல, கண் இரண்டும் என்னைக் கெஞ்சின.

இலக்கம் இரண்டு, “நாங்கள் இப்ப சைவம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தன் பங்கில் ஈரல் சிறிதாக இருக்கிறது என்று என்னோடு பத்து நிமிடம் வாதாடியவர் அவர். இலக்கம் மூன்று என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போனார். நான்கும் ஐந்தும் அண்ணன் தம்பி. ஒருவர் வீட்டில் இறைச்சி இருப்பது மற்றவருக்குத் தெரியக்கூடாதாம், இரண்டு வீட்டிலும் இருந்தது. கொப்பியில் ஐந்து பெயருக்கு எதிரே ஐந்து முறை ‘இல்லை என்கிறார்’ என்று எழுதினேன். இறைச்சி பத்து ஃபிறீசரில் பத்திரமாக இருந்தது. கேட்டால் ஊரில் ஒருவரிடமும் இல்லை.

அந்த இடத்தில்தான் சாந்தி என் கையிலிருந்து பேனையை வாங்கிக்கொண்டாள்.

“பேரைக் கேட்டா ஆரும் சொல்லாயினம். பேரைக் கேளாதேங்கோ. கடைப் பின்கதவில ஐஸ் பெட்டியைத் திறந்து வையுங்கோ. காலமை எட்டு மணிக்குள்ள போடட்டும். ஆர் போட்டது எண்டு நாங்கள் பாக்கேல்லை.”

அவள் பெண்கள் பக்கம் போனாள். என்ன சொன்னாள் என்று பிறகுதான் கேட்டேன். ‘யூட் தந்த சாமான் பழுதாம், றெஜிஸ்ட்ரார் பின்கதவில பெட்டி வைச்சிருக்கிறார், பேரில்லை.’ அவ்வளவுதான். இறைச்சி என்ற சொல்லே இல்லை. சூரனின் மூன்றாவது தலை விழுவதற்கு முன் அது மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது. தூணுக்குப் பின்னால் நின்றவர் எனக்குத் தலையாட்டினார்.

வேலை முடிந்தது என்ற மகிழ்ச்சியில் வாசலுக்கு வந்தேன். யூட் வேலை முடிந்து நேரே வந்திருந்தான், தலைமயிரில் மாவோடு. அவன் சூரன் போரை வருடா வருடம் வாசலில் நின்று பார்ப்பான். விஷயத்தைச் சொன்னேன். மாவுக்குக் கீழே முகமும் வெள்ளையானது.

“நான் திண்டிட்டன் மச்சான்.”

“எவ்வளவு?”

“பங்கு முழுக்க. ஈரல் ஞாயிறே முடிஞ்சுது.” தொண்டையைத் தடவினான். “இருமல் வாற மாதிரி இருக்குடா.”

“வடிவா அவிச்சனியோ?”

“மூண்டு மணித்தியாலம் அவிச்சன், கல்லு மாதிரி இருந்திச்சு. மறுகா, அக்காக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தன்…”

அக்கா. பட்டியலில் இலக்கம் பன்னிரண்டு. ‘றீற்றா அக்கா, இல்-பிசார் தீவு.’ அவருக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை ஒவ்வொரு நாளும் விழுங்குகிறவர். சாதாரணக் கிருமியே அவருக்கு ஆபத்து. அவர் கிறிஸ்தவர், விரதமும் இல்லை. அறுவைச் சிகிச்சை நடந்த நாளை என் கொப்பியில் நானே எழுதியிருந்தேன். ஆகப் பலவீனமான ஆளை விட்டுவிட்டு, சுகமாக இருக்கிற பத்துப் பேருக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கிறேன்.

வான் வண்டியை நான் ஓட்டினேன். நாற்பதாம் நெடுஞ்சாலையில் வேலை முடிந்துபோகும் வாகனங்கள் எல்லாம் எங்களுக்கு முன்னால் நின்றன. யூட் அக்காவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை.

“மூண்டு மெசேஜ் வைச்சிருக்கிறா,” என்றான்.

“எப்ப?”

“திங்கள்.”

“கேக்கேல்லையோ?”

“அக்கா வைச்சா நான் கேக்கிறேல்லை மச்சான். எல்லாம் பேச்சுத்தான் விழும்.”

“இப்ப போடு!”

முதலாவது: “டேய் யூட், போனை எட்றா.” இரண்டாவது: “டேய் மாடு, காது இல்லையா உனக்கு?” மூன்றாவதில் பேச்சே இல்லை. சட்டியில் ஏதோ கொதிக்கும் சத்தமும் ஒரு பெருமூச்சும் மட்டும். யூட் செபம் சொல்லத் தொடங்கினான். நடுவில் ஒருமுறை இருமினான். எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வரும் சிரிப்பு, அடக்க அடக்கக் கூடியது. அவனுக்கும் தொற்றியது. இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, ஒரு சிவப்பு விளக்கில் நிற்காமல் போகப் பார்த்து, பாலத்தைக் கடந்து தீவுக்குள் போனோம். அதை நினைத்துப் பெருமைப்படவில்லை. நெருக்கடியில் மனிதர் எப்படியெல்லாம் இருப்பார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

றீற்றா அக்கா கதவைத் திறந்தார். கையில் மஞ்சள் றப்பர் உறை, முகத்தில் மூடுதுணி.

“வந்திட்டார் வேட்டைக்காரர். மானைச் சுட நேரமிருக்கு, அக்காட போனை எடுக்க நேரமில்லை.”

“அக்கா, சாப்பிட்டியா?” யூட்டின் குரல் கீச்சிட்டது.

“எதை?”

“மானை!”

“அடுப்பில இருக்கிறது பருப்புடா. திங்களும் பருப்புத்தான்.”

என்னைப் பின்கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே குளிரில், மூடியிட்ட வாளிக்குள், மூன்று பைகளுக்குள் முழுப் பங்கும் இருந்தது. விலாத் துண்டைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார். நான் வழிக்காமல் விட்ட சின்ன முத்துகள் மூன்று அதில் இருந்தன.

“கறிக்கு எண்டு எடுத்தன். விலாவைத் திருப்பினா முத்து முத்தா இருக்கு. உடன கையை எடுத்திட்டன்,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, நீங்க இதைக் காணல்லையா?”

“கண்டனான் அக்கா. எழுதி வைச்சிருக்கிறன்.”

“எழுதிப்போட்டு?”

இருபத்தொரு வருடத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் என்னிடம் அதைவிடக் கடினமான கேள்வி கேட்டதில்லை. அவர் பதிலுக்குக் காத்திராமல் உறையைக் கழற்றி இடது கையைக் காட்டினார். சுட்டுவிரலில் சின்னப் பிளாஸ்டர். திங்கட்கிழமை உறை போடாமல்தான் வெட்டத் தொடங்கியிருக்கிறார். கத்தி விரலில் பட்ட பிறகுதான் விலாவைத் திருப்பியிருக்கிறார். அந்த வேகத்தில்தான் யூட்டுக்கு மூன்று முறை அடித்திருக்கிறார்.

பருப்பு என்றதும் சிரிக்கத் தொடங்கியிருந்த யூட் சிரிப்பதை நிறுத்தினான்.

மறுநாள் வியாழன் காலை எட்டு மணிக்குக் கடைப் பின்கதவு ஐஸ் பெட்டியைத் திறந்தேன். எங்கள் வீட்டுப் பங்கோடு சேர்த்துப் பத்துப் பொதிகள் இருக்க வேண்டும். பதினொன்று இருந்தன. பதினோராவதில் ஒரு முழுக் கோழி. இன்றுவரை அது யாருடையது என்று தெரியாது, பேர் கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தோம். அலுவலகத்துப் பெண் தானே வந்து றீற்றா அக்காவின் விலாவை ஆய்வுக்கு எடுத்தார். மிச்சம் எல்லாவற்றையும் அழிக்கக் கொண்டுபோனார். கோழியையும் பார்த்தார். “இதற்கும் கடவுளுக்கும் சம்பந்தம் உண்டா?” என்று கேட்டார்.

அதே காலை யூட் அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். இரத்தம் எடுத்தார்கள், விரலைப் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள். ஆய்வின் முடிவு வரும்வரை ஒவ்வொரு நாளும் காய்ச்சல் பார்க்கச் சொன்னார்கள். பன்னிரண்டு நாள். ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்கு நான் அவருக்குப் போன் எடுத்தேன். அவர் வெப்பநிலையைச் சொல்வார். “முப்பத்தாறு தசம் எட்டு, றெஜிஸ்ட்ரார். எழுதுங்க.” ஏழாம் நாள் முப்பத்தேழு தசம் ஆறு. நான் எழுதவில்லை. போனை வைக்காமலே கடை வாசலுக்கு ஓடி, முதலாளியின் போனில் யூட்டை எடுத்து, அக்காவை மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவருக்குச் சளித் தடிமன் மட்டும்தான். போய்த் திரும்பிய நான்கு மணி நேரமும் யூட் இருமவே இல்லை. தன் இருமலை அடியோடு மறந்துபோனான்.

பன்னிரண்டாம் நாள் அலுவலகத்துப் பெண் போன் எடுத்தார். காசநோய் இல்லை. அந்த மானுக்கு எப்போதோ நெஞ்சில் ஆழமான காயம் பட்டிருக்கிறது, உள்ளே சீழ் கட்டி, கட்டி கட்டியாக இறுகியிருக்கிறது. நோய்ப்பட்ட மிருகம்தான். மனிதர் சாப்பிடக்கூடாத இறைச்சிதான். நீங்கள் திருப்பி எடுத்தது சரி என்றார். “அவர் எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். பெயர் கேட்கவில்லை. பட்டியலில் யார் முதலில் வந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் கடைக் கதவு திறந்தது. றீற்றா அக்கா. மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருந்தார், கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு.

“இரத்தம் சுத்தம். கிட்னி சுகம். பன்னிரண்டு நாளாப் பருப்பு. இனிப் பருப்பைக் கண்டா நான் சுடுவன்.” மேசையில் தட்டினார். “ஆட்டிறைச்சி வேணும். நீங்கதான் வெட்டணும். நான் பக்கத்தில நிண்டு பாப்பன்.”

வாடிக்கையாளர் மேசைக்குப் பின்னால் வரக்கூடாது என்பது கடை விதி. முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சுவரிலிருந்து ஒரு வெள்ளை மேலங்கியை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைப் போட்டு, கை கழுவி, உறை மாட்டி, என் இடப்பக்கம் வந்து நின்றார்.

விலாவை மேசையில் வைத்தேன். உட்பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பினேன். வெள்ளை, பளபளப்பு, ஒரு புள்ளி இல்லை. அவர் குனிந்து ஒவ்வொரு எலும்பாக விரலால் ஓட்டிப் பார்த்தார். வரிசையில் நின்ற ஏழு பேரும் பொறுமையாக நின்றார்கள். ஒருவர் மட்டும், “என்ன அக்கா, பொம்பிளை பாக்கிறியளோ?” என்றார். அவர் நிமிரவில்லை. கத்தி என் கையில் இருந்தது. நான் அசையவில்லை.

கடைசி எலும்பு முடிந்ததும் நிமிர்ந்து, “ம்” என்றார்.

வெட்டினேன்.